பத்து நிர்வாகிகளும் ஒரு விரலும்

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தில் மொத்தம் பதினோரு பேர். அதில் பத்துப் பேர் நிர்வாகிகள். மீதி ஒரு ஆள் உறுப்பினர். அந்த உறுப்பினர் நான்.

இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில், டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற சின்ன ஊர் எங்களுடையது. பக்கத்து ஊரில் மன்றம் ஆரம்பித்து ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள் என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் ஊர்ப் பையன்களும் ஆரம்பித்தார்கள். முதல் கூட்டத்திலேயே ஃபிளெக்ஸில் யார் படம் எவ்வளவு பெரிதாக வரும் என்று பேச்சு வந்தது. பதவி இருந்தால்தான் படம் என்று முடிவானது. உடனே ஆளுக்கொரு பதவியை எடுத்துக்கொண்டார்கள். தலைவர், கௌரவத் தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், விளையாட்டுச் செயலாளர், அமைப்பாளர், ஒருங்கிணைப்பாளர். கௌரவத் தலைவருக்கு வயது இருபத்து நான்கு. அமைப்பாளருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் என்ன வித்தியாசம் என்று இன்று வரை அவர்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

எல்லாரும் பல்லக்கில் ஏறிவிட்டால் தூக்குவது யார் என்ற கேள்வி, மன்றத்தைப் பதிவு செய்கிற விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் வந்தது. அதில் 'உறுப்பினர்கள்' என்று ஒரு கட்டம் காலியாகக் கிடந்தது. அதற்குக் கீழே 'பெண்கள்' என்று இன்னொரு கட்டம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிக்க, தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் என் பெரியப்பா மகன்.

"ஏத்தா, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடு. ஒன்னைய மன்றத்துல உறுப்பினரா சேக்கப் போறோம்."

"நான் என்னண்ணே செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா பேருக்குத்தான்."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆனாலும் ஜெராக்ஸ் கொடுத்தேன். எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது.

ஊர் நடுவில் பஞ்சாயத்து டிவி ரூம் ஒன்று உண்டு. எல்லார் வீட்டிலும் டிவி வந்த பிறகு அதைப் பூட்டிப் போட்டுவிட்டார்கள். உள்ளே ஒரு ஃபேன், ஒரு டியூப் லைட், இரண்டு ஜன்னல். நான் குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு ஒன்றரை அறை. அப்பா திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போகிறவர். அவருடைய ஸ்பிரேயரும் மருந்து வாடையும் அரை அறையை எடுத்துக்கொள்ளும். மீதி ஒரு அறையில் டிவி, அம்மா, தம்பி, வந்து போகிற சொந்தக்காரர்கள். ஒரு தடவை தேர்வெழுதித் தோற்றிருந்தேன். இன்னொரு தடவை தோற்றால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மாப்பிள்ளை பார்ப்பது என்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். எனக்கு அந்த டிவி ரூம் வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் பஞ்சாயத்தில் தர மாட்டார்கள். மன்றம் நன்றாகச் செயல்படுகிறது என்று தேனியிலிருந்து அதிகாரி வந்து எழுதிக் கொடுத்தால், மன்றத்துக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனவே மன்றம் செயல்பட்டே ஆக வேண்டும்.

மன்றம் செயல்பட்டது. அதாவது, நான் செயல்பட்டேன்.

வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போடுவார்: 'உறுப்பினர்கள் அனைவரும் நாளை காலை ஆறு மணிக்கு வாய்க்கால் கரையில் தவறாமல் ஆஜராகவும்.' அந்த அனைவரும் நான்தான். அதற்குக் கீழே ஒன்பது பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார்கள். காலையில் நான் போய் பாட்டிலும் பாலிதீனும் பொறுக்கிச் சாக்கில் கட்டி முடிக்கிற நேரத்துக்கு, நிர்வாகிகள் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் வருவார்கள். இருப்பது ஒரு மண்வெட்டி. தேர் வடத்தைப் பிடிக்கிற மாதிரி வந்தவர்கள் எல்லாரும் அதன் காம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் போட்டோ எடுப்பேன். மரக்கன்று நட்ட அன்றைக்கு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே புங்கங்கன்றைப் பிடித்தார்கள். பாரம் தாங்காமல் அது முறிந்தது. முறிந்ததை மண்ணில் செருகி நிற்க வைத்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன்.

கண் பரிசோதனை முகாமுக்கு வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதியதும் நான், வர மாட்டேன் என்ற கிழவர்களிடம் கண்ணாடி இலவசம் என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றியதும் நான். படத்தில் டாக்டருக்கு இரண்டு பக்கமும் நிர்வாகிகள். எனக்குக் கோபம் வரும். வீட்டுக்கு வந்து பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். அப்புறம் டிவி ரூமின் ஃபேனை நினைத்துக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போவேன்.

ஒரு வருஷம் கழித்து அதிகாரி வருகிற நாள் வந்தது. மடியிலேயே வைத்துக்கொள்கிற தோல் பையும், ஒட்ட வெட்டிய முடியுமாக, சிரிப்பு என்பதையே அறியாத முகம் அவருக்கு. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு ஐம்பது நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர் வந்ததும் வராததுமாக, "நிர்வாகிகள் இந்தப் பக்கம் உட்காருங்க, உறுப்பினர்கள் அந்தப் பக்கம்," என்றார்.

பத்துப் பேரும் ஒரு பக்கம் போய் உட்கார்ந்தார்கள். எதிர்ப்பக்கம் நாற்பது காலி நாற்காலி. நான் டீத் தட்டைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றேன். அதிகாரி என்னைப் பார்த்து, "டீயை வச்சிட்டுப் போம்மா," என்றார். பிறகு காலி நாற்காலிகளைப் பார்த்தார்.

"உறுப்பினர்கள் எங்கே?"

தலைவர் அண்ணன் என்னைக் கைகாட்டுவார் என்று நினைத்தேன். ஒரே ஒரு ஆள்தான் என்று தெரிந்தால் மானம் போகும் என்று அவர் பயந்துவிட்டார்.

"வந்துக்கிட்டு இருக்காக சார்," என்றார். "எல்லாரும் திராட்சை வெட்டுக்குப் போயிருக்காக."

அவர் மரியாதையாகச் சொன்ன அத்தனை பேரும் கையில் தட்டோடு அவர் முன்னாலேயே நின்றிருந்தார்கள். அதிகாரி எங்கள் ஃபைலைத் திறந்தார். ஒவ்வொரு படமாகத் திருப்பினார். எல்லாம் ஜிபிஎஸ் கேமரா ஆப்பில் எடுத்தவை. கீழே தேதி, நேரம், ஊர்ப்பெயர், மேப் எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. அதைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது.

"எல்லாப் படத்துலயும் நிர்வாகிகள்தான் இருக்காங்க," என்றார் அவர். "உறுப்பினர்னு ஒருத்தர்கூட இல்லையே. இது மன்றமா, கமிட்டியா? இப்படி எத்தனையோ லெட்டர்பேடு மன்றத்தைப் பார்த்தாச்சு." பேனா மூடியைக் கழற்றினார். 'செயல்படவில்லை' என்று எழுதப் போகிறார் என்பது அந்தக் கழற்றலிலேயே தெரிந்தது.

பத்துப் பேர் முகத்திலும் ஈயாடவில்லை. எனக்கு டிவி ரூமின் கதவு கண் முன்னால் சாத்திக்கொண்டது. இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் வீணா? தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய், எதிர்ப்பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

"நான்தான் சார் உறுப்பினர்."

"நீங்க டீக்கடை இல்லையா?"

"இல்ல சார். இந்த வேலை எல்லாம் நான் செஞ்சதுதான்."

"படத்துல எங்கேயும் இல்லையேம்மா. ஆதாரம் இல்லாம நான் எப்படி எழுதுறது?"

"படம் எடுத்ததே நான்தான் சார்."

"அப்படின்னு யார் வேணாலும் சொல்லலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. அவர் மறுபடியும் ஃபைலைப் புரட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தி, படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அடுத்த படம். அதற்கடுத்த படம்.

"மேல ஓரத்துல சிவப்பா ஏதோ கலங்கலாத் தெரியுதே, இது என்ன? எல்லாப் படத்துலயும் இருக்கு."

என் போனில் கேமரா மூலையோடு ஒட்டி இருக்கும். எப்படிப் பிடித்தாலும் இடது கை ஆள்காட்டி விரல் அதன் மேல் கொஞ்சம் விழுந்துவிடும். அதற்காக நிர்வாகிகளிடம் நான் வாங்காத திட்டு இல்லை.

"அது என் விரல் சார்," என்றேன்.

அதிகாரி எழுந்தார். என் போனை எடுத்து வரச் சொன்னார். நிர்வாகிகளை நிற்க வைத்து, எப்போதும் எடுக்கிற மாதிரி எடுக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக, விரல் விழ வேண்டுமே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு எடுத்தேன். விழுந்தது. அவர் போனை ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு படத்தோடும் ஒப்பிட்டார். வாய்க்காலில் அதே மூலை, கண் முகாமில் அதே மூலை, முறிந்த புங்கங்கன்றுக்கு மேலேயும் அதே மூலை. செயலாளர் உதவி செய்கிறேன் என்று பக்கத்தில் போய், "இதுல கொஞ்சம் பெருசா இருக்கு சார்," என்று சந்தேகம் கிளப்பினார். அவரை அங்கேயே அறைந்திருப்பேன். "பக்கத்துல பிடிச்சிருப்பாங்க," என்று அதிகாரியே பதில் சொல்லிவிட்டார்.

பிறகு அவர் ஒரு தாளில் நிர்வாகிகளின் பெயரை வரிசையாக எழுதி, படங்களைப் பார்த்து டிக் அடித்தார். தலைவர் நாலு நிகழ்ச்சிக்கு வரவில்லை. பொருளாளர் பாதிக்கு மேல் இல்லை. கௌரவத் தலைவர் இரண்டே இரண்டு படத்தில், அதிலும் ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"எல்லா நிகழ்ச்சிக்கும் தவறாம வந்தது இந்த விரல் ஒண்ணுதான்," என்றார் அதிகாரி. அப்போதும் சிரிக்கவில்லை. குனிந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'மன்றம் செயல்படுகிறது. உறுப்பினர் ஒருவர். படங்களில் உள்ள விரல் நேரில் சரிபார்க்கப்பட்டது.' கீழே கையெழுத்து, சீல். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறிப்போன டீயை எடுத்து நானே குடித்தேன்.

டிவி ரூம் மன்றத்துக்கு வந்தது. சாவி ஒன்றுதான். அதை யார் வைத்துக்கொள்வது என்று கதவுக்கு முன்னாலேயே ஆரம்பித்தார்கள். தலைவர் கையில் இருப்பதுதான் முறை என்றார் அண்ணன். அலுவல் எல்லாம் செயலாளருடையது என்றார் செயலாளர். சாவி என்பது சொத்து, சொத்து பொருளாளருக்குத்தான் என்றார் பொருளாளர். கேரம் போர்டு உள்ளே வரப்போவதால் விளையாட்டுச் செயலாளருக்கும் உரிமை இருந்தது. கம்பத்துக்குப் போய் பத்துச் சாவி அடித்து வரலாம் என்று ஒருவர் சொன்னார். அசல் சாவி யாருக்கு என்று இன்னொருவர் கேட்டார். உச்சி வெயிலில் பூட்டிய கதவுக்கு வெளியே பத்துப் பேரும் வேர்த்து ஊற்றிக்கொண்டு நின்றார்கள். ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான். என்ன, இங்கே மடம் ஏற்கெனவே கட்டியிருந்தது.

கடைசியில் துணைத் தலைவர் சொன்னார்: "அவன்கிட்ட இருக்கக் கூடாதுன்னு இவன் சொல்றான், இவன்கிட்ட இருக்கக் கூடாதுன்னு அவன் சொல்றான். பேசாம பதவி இல்லாத ஆளுகிட்ட குடுத்துருவோம்."

மன்றத்தின் சரித்திரத்தில் பத்துப் பேரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்ட முதல் தீர்மானம் அது. சாவி என் கைக்கு வந்தது.

திறந்த அன்றைக்கு வாசலில் படம் எடுக்க நின்றார்கள். "இன்னைக்கு நீயும் வந்து நில்லுத்தா," என்றார் அண்ணன். மனசாரத்தான் சொன்னார். நான் போய் நின்றேன். அப்படியானால் போட்டோ யார் எடுப்பது என்று யாரோ கேட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களே தவிர, வரிசையை விட்டு ஒரு கால் நகரவில்லை. நான் வெளியே வந்து போனை எடுத்தேன். விரலை இந்த முறை தாராளமாகவே உள்ளே நீட்டினேன். அந்தப் படத்தை ஃபிரேம் போட்டு அறைக்குள் மாட்டியிருக்கிறோம். ஓரத்தில் நின்ற ஒருங்கிணைப்பாளரைக் காணோம். அந்த இடத்தில் நான் இருக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கேரம் விளையாட நானே திறந்துவிடுகிறேன். பகல் முழுக்க அறை எங்களுடையது. நானும், தெருவில் படிக்கிற இன்னும் நாலு பெண்களும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறோம். வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சைத் தேர்வு முடிகிற வரைக்கும் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் இணைச் செயலாளர் வேலை கிடைத்துத் திருப்பூருக்குப் போய்விட்டார். அண்ணன் அறைக்கே வந்தார். அந்தப் பதவியை எனக்குத் தருவதாகவும், புது ஃபிளெக்ஸில் என் படம் பெரிதாக வரும் என்றும் சொன்னார். நாலு பெண்களும் புத்தகத்தை மூடிவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"பதவி வந்துட்டா சாவி யாருகிட்டண்ணே இருக்கும்?" என்று கேட்டேன்.

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அது... தீர்மானப்படி, பதவி இல்லாத ஆளுகிட்டதான இருக்கணும்."

"அப்ப எனக்கு வேணாம்ணே," என்றேன். "வேற யாரையாச்சும் போடுங்க."

அவர் படி இறங்கிப் போனதும், நாலு பேரில் சின்னவள் மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, எங்களையும் மன்றத்துல சேப்பாகளா?"

"சேப்பாக," என்றேன். "பதவி குடுத்தா மட்டும் வாங்கிராதீக."