பதினொரு மணித் தேகப்பயிற்சி

சோவியத் ஒன்றியத்துக்குப் படிக்கப் போன என்னைப் பயிற்சிக்காக ஒரு டிராக்டர் தொழிற்சாலையில் விட்டார்கள். அங்கே காலை பதினொரு மணிக்கு ஒலிபெருக்கி அலறும். வேலையை நிறுத்திவிட்டு எல்லோரும் கையை நீட்டி இடுப்பை வளைக்க வேண்டும். எனக்கு அது அறவே பிடிக்காது. கழிப்பறையில் ஒளிந்துகொள்வேன்.

தொண்ணூறுகளில் அந்த நாடே இல்லாமல் போயிருந்தது. நான் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலையில் ஓடும் பெல்ற் முன்னால் நின்று பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். முதுகு முறிந்தது. ஒருநாள் பதினொரு மணிக்குப் பொறுக்கமாட்டாமல் விலகி நின்று அந்தப் பழைய பயிற்சியைத் தொடங்கினேன். பக்கத்தில் நின்ற உக்ரேனியப் பெண்ணுக்கு உடனே விளங்கிவிட்டது. சிரித்தபடி ரஷ்ய மொழியில் எண்ணத் தொடங்கினாள். எங்கள் வரிசை முழுவதும் சேர்ந்துகொண்டது.

சூப்பர்வைசர் எங்கள் ஊர்க்காரன், என்னிலும் இளையவன். ஓடி வந்தான்.

"அண்ணை, உதென்ன கூத்து?"

"சிகரெட் பத்தப் போறவையை நீ மறிக்கிறேல்லை. எங்கட முதுகுக்கு மட்டும் அஞ்சு நிமிசம் தரமாட்டியோ?"

திரும்பிப் போய்விட்டான்.

மறுநாள் பதினொரு மணிக்கு பெல்ற் நின்றது. திரும்பிப் பார்த்தேன். சுவிட்சில் ஒரு கையும் நோகும் இடுப்பில் மற்றக் கையுமாக நின்றவன் அவன்தான்.

"தொடங்குங்கோ அண்ணை. எனக்கும் நாரி நோகுது."

கழிப்பறையில் ஒளிந்தவன் எல்லோருக்கும் முன்னால் போய் நின்று கையைத் தூக்கினேன்.