தேவதாஸின் தென்னை மரங்கள்

புதுச்சேரி உப்பளத்துத் தேவதாஸ் பாரிஸ் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கியே காலம் தள்ளியவர். விமானி இருக்கையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் கணினியில் விமானம் ஓட்ட உட்கார்ந்துவிட்டார். அதை விளையாட்டு என்று சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்வார். பிரான்சில் இருக்கும் புதுச்சேரிக்காரர்கள் சிலர் ஞாயிறுதோறும் இணையத்தில் அவரோடு சேர்ந்து பறப்பார்கள்.

அந்தக் கணினி உலகத்தில் புதுச்சேரி என்று இருந்தது ஓர் ஓடுபாதையும் சுற்றிலும் புல்லும்தான். தேவதாஸுக்குப் பொறுக்கவில்லை. ஒரு வருஷம் உட்கார்ந்து கலங்கரை விளக்கம், கடற்கரைச் சாலை, உப்பளம் மைதானம், தெருவுக்குத் தெரு தென்னை என்று ஊரையே, விமான மென்பொருளோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ஓர் ஆட்-ஆனாகச் செய்து எல்லோருக்கும் அனுப்பினார். இந்த ஞாயிறு மாலை அத்தனை பேரும் சென்னையில் கிளம்பி அங்கே இறங்குவதாக ஏற்பாடு. லியோனில் இருக்கும் யான், முட்டி அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஊர்ப்பக்கமே வராதவன், தன் வீட்டுத் தெருவைக் காட்டச் சொல்லியிருந்தான்.

ஆனால் அனுப்பியதிலிருந்து ஒரு வாரமாக, கடற்கரை கண்ணில் பட்டதும் திரை உறைந்து எல்லாம் மூடிக்கொண்டது. அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். வானிலை ஆட்-ஆன் செய்தவனைத் திட்டி எழுதினார். விமான ஆட்-ஆன் செய்தவனையும் விடவில்லை. இருவரும் தங்கள் மேல் தப்பில்லை என்றார்கள். சரிசெய்ய இன்னொரு ஆட்-ஆன் போட்டார். இன்னும் சீக்கிரமாகத் திரை உறைந்து விழுந்தது.

ஞாயிறு பிற்பகல், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த அவர் மனைவி அந்துவானெத் காபியை வைத்தாள்.

"இன்னொண்ணு போட்டீங்களா?"

"சரி பண்ணத்தான்."

"எங்க இல்லத்துல ஒரு வயசான மிசியே இருந்தாரு. மயக்கத்துக்கு ஒரு மாத்திர, அது குடுத்த வயித்து வலிக்கு ஒரு மாத்திர. கடைசில டாக்டர் எல்லாத்தையும் நிறுத்திட்டு ஒண்ணொண்ணாக் குடுத்தாரு."

"இது மாத்திர இல்ல."

"அதான் சொல்றேன். யார் உசுரும் போவாது, நிறுத்திப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே தன் ஊரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எடுத்தார். விழவில்லை. ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டார். எல்லோரும் வைத்திருக்கும், ஊர் ஊருக்கு மரம் நடும் 'மரங்கள்' ஆட்-ஆனைப் போட்டதும் விழுந்தது.

"பாத்தியா, மரம் போட்டவன்தான்."

"உங்க ஊர எடுத்துட்டு அந்த மரத்த வச்சுப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அதை எடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. எடுத்தார். விமானம் வழுக்கிக்கொண்டு போய் இறங்கியது.

அப்போதுதான் நினைவு வந்தது. அனுப்பும் முன் கடைசி வேலையாக, தென்னைகளை அந்த மரங்கள் ஆட்-ஆனிலிருந்தே எடுத்து, கோப்பின் பெயரைக்கூட மாற்றாமல் தன் ஊரில் நட்டிருந்தார். ஒரே பெயரில் இரண்டு மரம் வந்தால் எதை நிறுத்துவதென்று தெரியாமல் கணினி படுத்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் பெயர் மாற்ற நாளாகும். மரங்கள் ஆட்-ஆனைக் கழற்றலாமென்றால், எல்லோரும் கிளம்பவேண்டிய சென்னை ஆட்-ஆன் அதை நம்பித்தான் இருந்தது. நண்பர்கள் கிளம்பவோ ஒரு மணி நேரம்தான் இருந்தது.

'என் புதுச்சேரியைக் கழற்றிவிடுங்கள்' என்று எல்லோருக்கும் எழுதினார். எழுதிவிட்டு ஆறிய காபியைக் குடித்தார்.

மாலையில் ஒவ்வொருவராகப் புல்வெளிக்கு நடுவே இறங்கினார்கள். யாரும் விழவில்லை.

"தேவதாஸ் அண்ணே, உப்பளம் எங்க?" என்றான் யான்.

"எடது பக்கம் பாரு."

"அது புல்லு."

"அதான் உப்பளம். பேசாம எறங்கு."

"எங்க வீடு?"

"புல்லுக்கு அடியில இருக்கு. பாதையப் பாத்து ஓட்டு."

பின்னாலிருந்து அந்துவானெத் சொன்னாள்: "நீங்க திட்டுன அந்த ரெண்டு பேருக்கும் மன்னிப்பு கேட்டு எழுதணும்."

தேவதாஸ் காதொலிப்பானை இன்னும் அழுத்தி மாட்டிக்கொண்டார்.