நொய்யல் அணி ஜெயித்த வருடம்

போன வாரம் காரமடைப் பக்கம் ஒரு கல்லூரிக்கு நாற்காலி இறக்கப் போயிருந்தேன். இப்போதைக்கு லோடு வண்டி ஓட்டுகிறேன். அடுத்த மாதம் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். வகுப்பறைக் கதவைத் திறந்ததும் மார்க்கர் மையின் வாசனை. அவ்வளவுதான், மனம் பழைய பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

நானும் கல்லூரிக்குப் போனவன்தான், ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக. கணக்கு எடுத்த மேடம் எங்களை அணிகளாகப் பிரித்து ஆறுகளின் பெயரை வைத்தார். பதில் சொன்னால் புள்ளி, நேரத்துக்கு வந்தால் புள்ளி. பலகையின் ஓரத்தில் இருந்த புள்ளிக் கட்டத்தை யாரும் அழிக்கக் கூடாது. நான் நொய்யல், திருப்பூர்ச் சாயம் கலந்து ஓடும் ஆறு. "ஏனுங்க சாயத்தண்ணி, இன்னைக்கு என்ன கலருங்க?" என்று பவானி அணி கத்தும். புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுக்க மட்டுமே தெரிந்த நான், அவர்களை ஜெயிக்க வேண்டும் என்று பஸ்ஸில் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன்.

எங்களுக்குத் தொண்டாமுத்தூர் தாண்டிக் குத்தகைத் தோட்டம். வாழை குலை தள்ளினால் யானை இறங்கும். காவலிருந்துவிட்டுக் கிளம்பினால் முதல் வகுப்புக்குத் தாமதம்தான். தாமதமாக வந்தால் அணிக்குப் புள்ளி குறையும். வராதவனைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். காய்ச்சலில் படுத்தவனால் மற்றவர்களுக்கு நஷ்டம் வேண்டாம் என்று மேடம் இரக்கப்பட்டு வைத்த விதி.

எங்கள் அணித் தலைவன் கோகுல். டேய் போடாமல் என்னைக் கூப்பிட்டதே இல்லை. ஒரு மதியம் கேண்டீனில் எனக்கும் சேர்த்து பப்ஸ் வாங்கி வந்தான்.

"கோவிச்சுக்காதீங்க. லேட்டாகற அன்னைக்கு நீங்க வராம இருந்துட்டா டீமுக்கு நல்லதுங்க."

வராதே என்று முகத்துக்கு நேரே சொல்ல எங்கள் பக்கத்தில் வாய் வராது. அந்த மரியாதையிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அதுக்கென்னங்க, வரலீங்க" என்றேன். பப்ஸ் சூடாக இருந்தது. சாப்பிட்டு முடித்தேன்.

அணியில் சுகந்தி மட்டும், "அட்டெண்டன்ஸ் கொறஞ்சா பரீட்சை எழுத உட மாட்டாங்க, பாத்துக்குங்க" என்றாள்.

"வாழை வெட்டிட்டா செரியாப் போயிருமுங்க."

வாழை வெட்டுவதற்குள் பரீட்சை வந்துவிட்டது. நொய்யல் ஜெயித்தது. பரிசாக வந்த மைசூர்பாகில் எனக்கு ஒரு துண்டைக் கோகுல் காகிதத்தில் மடித்து வைத்திருந்தான். பரீட்சை எழுத எனக்கு அனுமதி இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள்.

"ஏன் கண்ணு வர்றதே இல்ல? உன் டீம் ஜெயிச்சிருக்கு பாரு" என்றார் மேடம்.

"தோட்டத்துல வேலைங்க மேடம்." ஆசையாக விளையாட்டு நடத்தியவரிடம் வேறென்ன சொல்ல? மறுவருடம் சேரச் சொன்னார். மறுவருடம் நான் திருப்பூரில் பனியன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் பவானி ஊரில் கொஞ்ச நாள், அப்புறம் எங்கெங்கோ.

காரமடையில் பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் கேள்விகளுக்குப் போனில் பதில் தட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் அணிப் பெயர்கள் ஏறி இறங்கின. மணி அடித்ததும் திரை அணைந்தது; ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் சத்தமில்லாமல் கலைந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் சாயத்தண்ணி என்று கூப்பிடவில்லை.

கோகுலை ஒருமுறை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பதறி எழுந்து, "நல்லா இருக்கீங்களாங்க?" என்றான். "இருக்கேனுங்க" என்றேன். பஸ் வரும்வரை மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தோம். அவன் ஏறிய பிறகாவது ஜன்னலில் தலையை நீட்டி ஒரு டேய் போடுவான் என்று, பஸ் திரும்பி மறையும்வரை நின்றிருந்தேன்.