றஜீனா பக்கத்தில் இருக்க

இது நடந்தது. எனக்குத்தான் நடந்தது. நம்பாதவர்கள் லண்டனில் சட்டன் பக்கம் இருக்கிற ஜெஸ்ரினைக் கேட்டுப் பாருங்கள். அவள் இப்போது என்னோடு கதைப்பதில்லை. ஆனாலும் பொய் சொல்லமாட்டாள்.

என் பெயர் றஜீனா. தெற்கு லண்டனில், மிச்சம் என்ற இடத்தில் இருக்கிறேன். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை. பேய்க்குப் பயந்தவர்களுக்கு இந்த வேலை சரிவராது. எத்தனையோ பேருக்கு இந்தக் கையால் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். செத்தவர்கள் ஒருத்தரும் எனக்குத் தொந்தரவு தந்ததில்லை. தொந்தரவெல்லாம் ஷிப்ட் போடுகிறவர்களால்தான்.

போன மார்கழிக்கு முதல் மார்கழி. டெர்மொட் என்று ஓர் ஐரிஷ்காரர். எண்பத்து நாலு வயது. கட்டட வேலைக்கென்று இளம் வயதில் லண்டன் வந்தவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அயர்லாந்தில் கிளேர் என்ற மாவட்டத்தில் ஓர் அண்ணன் மகன் மட்டும். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை மட்டும் வேலை செய்யும். என் கையை ஒரு தரம் அழுத்தினால் ஓம். இரண்டு தரம் அழுத்தினால் இல்லை. அதுதான் எங்கள் பாஷை.

அவருக்கு ஒரே ஒரு பயம். தனியாகச் சாக வேண்டி வருமோ என்ற பயம். பேச்சில்லாத மனிதரிடமிருந்து இதை அறிய எனக்கு ஒரு முழுப் பின்னேரம் எடுத்தது. கேட்டுக் கேட்டு, கையை அழுத்தி அழுத்தி... கடைசியில் அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. என் வாயும் சும்மா இருக்கவில்லை.

"நான் பக்கத்தில இருப்பன். பயப்பிடாதேங்கோ."

ஒரு தரம் அழுத்தினார். கனநேரம் கையை விடவில்லை.

அந்தக் கிழமைதான் சாப்பாட்டை நிறுத்தினார். கரண்டி போனால் வாய் பூட்டு. எங்கள் கம்பனியில் மேற்பார்வைக்கு இருந்தவர் நரசிம்மன், தமிழ்நாட்டுக்காரர். இன்னும் நிறை குறைந்தால் நேர்சிங் ஹோமுக்கு மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார். அங்கே போனால் என் வாக்கு காற்றில் போன மாதிரித்தான்.

அலுமாரிக்கு மேலே ஒரு பிடில் பெட்டி தூசி பிடித்துக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. பாட்டுப் போட்டுச் சாப்பாடு தீத்திப் பார்ப்போமே.

சமையலறை ரேடியோவில் கரகரப்பு மட்டும். என் போனில் ஐரிஷ் இசை என்று தேடினேன். குடித்துவிட்டு மேசையில் தட்டிப் பாடுகிற பாட்டாக வந்து விழுந்தது. டெர்மொட் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். அடுத்த நாள் ஒரு பெண் முனகுகிற மாதிரி ஓர் இசை. மசாஜ் கடையில் போடுவார்களே, அது. கண்ணையே மூடிக்கொண்டார். மனிதருக்கு வாய் இருந்திருந்தால் எனக்கு நல்ல பேச்சு விழுந்திருக்கும்.

ஜெஸ்ரின் என்னோடு வேலை செய்கிற பெட்டை. அவள்தான் வழி சொன்னாள். லண்டனுக்குள் தேடாதேங்கோ அக்கா, அவருடைய ஊர் ரேடியோவை நெட்டில் பிடியுங்கோ, எங்கட ஆட்கள் இங்கேயிருந்து யாழ்ப்பாண ரேடியோ கேட்கிறதில்லையா என்றாள். நல்ல கேள்வி.

ரேடியோ ஆப்பில் கிளேர் என்று போட்டேன். முதலாவதில் டிராக்டர் விளம்பரம். இரண்டாவதில் பந்தடி. கடைசியில் ஒன்று. பெயரில்லை, படமில்லை, சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் மட்டும். அழுத்தினேன்.

பிடில். கூடவே புல்லாங்குழல். பிறகு கக்கத்தில் துருத்தி வைத்து வாசிக்கிற அவர்களுடைய குழல். ஒரு மெட்டை மூன்று தரம் வாசித்தார்கள். நிறுத்தாமல் அப்படியே அடுத்த மெட்டுக்குள் வழுக்கிப் போனார்கள். டெர்மொட்டின் இடது கை போர்வையில் எழும்பியது. நாலு விரலும் கம்பியில் ஓடுகிற மாதிரி ஓடின. நான் சூப் கரண்டியை நீட்டினேன். வாய் திறந்தது. அன்றைக்கு அரைக் கோப்பை சூப் உள்ளே போனது. மாதாவே, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அந்தச் சாம்பல் வட்டம்தான். லண்டன் மார்கழியில் நாலு மணிக்கே இருண்டுவிடும். நான் போவது ஐந்துக்கு. ஜன்னலோரம் அவர், பக்கத்தில் நான், மேசையில், என் போனிலிருந்து பாட்டை வாங்கிப் பாடுகிற சின்ன ஸ்பீக்கர்.

சில விஷயங்கள் சரியில்லை. அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை.

அந்த ரேடியோவில் விளம்பரமே வருவதில்லை. நேரமும் சொல்வதில்லை. ஒரு ஆணின் குரல், மெதுவாக, மெட்டுகளின் பெயரை மட்டும் சொல்லும். ஒரு நாள் அந்தக் குரல் சொன்னது: ஜன்னலோரம் இருக்கிறவருக்கும், கரண்டியோடு நிற்கிறவருக்கும் மாலை வணக்கம். நான் கரண்டியோடுதான் நின்றேன். ஊரில் எத்தனை பேர் கரண்டியோடு நிற்பார்கள் என்று சிரித்துவிட்டு விட்டேன்.

இன்னொரு நாள் கதவைப் பூட்டும்போது உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. போன் தூரம் போகும் வரைக்குமாவது அவர் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை விட்டுவிட்டு வந்தேன். பஸ் தரிப்பில் போனை எடுத்தால்... சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அப்படியென்றால் உள்ளே பாடியது எது?

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை.

பாட்டு நின்றது. மணி ஐந்து நாற்பது. அந்தக் குரல் மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கியது. அயர்லாந்தில் ஊர் ரேடியோக்களில் இது தினமும் உண்டாம். எங்கள் ஆட்களுக்கும் இது புதிதில்லை. இன்னாரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வசிப்பிடமாகவும் கொண்ட என்று ரேடியோவில் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாங்கள். கையிலிருந்த கரண்டி தானாகவே கீழே இறங்கியது. மரண அறிவித்தல் என்றால் பேசாமல் கேட்பது எங்கள் பழக்கம்.

இரண்டு பெயர் போனது. மூன்றாவது...

டெர்மொட். லண்டன், மிச்சம். வியாழக்கிழமை மாலை, தன் வீட்டில், அமைதியாக. றஜீனா பக்கத்தில் இருக்க.

அன்றைக்குச் செவ்வாய்.

இந்த நாட்டில் என் பெயரை ஒருத்தரும் சரியாகச் சொன்னதில்லை. அந்தக் குரல் சொன்னது. என் அம்மா கூப்பிடுகிற மாதிரியே.

டெர்மொட்டைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் கேட்டதோ?"

ஒரு அழுத்தம்.

நான் ஸ்பீக்கரைப் பிடுங்கிப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து கிளேரில் இருக்கிற இரண்டு ரேடியோக்களுக்கும் போன் அடித்தேன். அந்த நேரத்தில் எங்களுக்குப் பந்தடி நேர்முக வர்ணனை, மரண அறிவித்தல் எல்லாம் பிறகுதான் என்றது ஒன்று. மற்றதும் அப்படித்தான். மூன்றாவது ரேடியோ ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். தாங்கள் கேள்விப்பட்டதில்லையாம். ஆப்பைத் திறந்து பார்த்தேன். சாம்பல் வட்டத்தைக் காணவில்லை.

இரவு முழுக்க நித்திரை இல்லை. செபமாலையை உருட்டிக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். உயிரோடு இருக்கிறவனைச் செத்தான் என்று சொன்னால் அவனுக்கு ஆயுள் கூடும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். செய்தி பொய்யாக வேண்டும், அவ்வளவுதான். அந்த அறிவித்தலில் என் கையில் இருந்தது ஒன்றே ஒன்று. றஜீனா பக்கத்தில் இருக்க. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அறிவித்தல் பொய். அறிவித்தல் பொய்யென்றால் மனிதர் பிழைத்தார்.

விசர்க் கணக்கென்று இப்போது தெரிகிறது. அந்த நேரம் அது எனக்கு வேதவாக்கு.

புதன்கிழமை நரசிம்மனிடம் சொல்லி வியாழன் ஷிப்டை ஜெஸ்ரினுக்கு மாற்றினேன். அவர் தனியாக இருக்கக்கூடாது, கடைசி நிமிஷம் வரைக்கும் கையைப் பிடித்துக்கொண்டு இரு என்று அவளிடம் சத்தியம் வாங்காத குறை. பிறகு டெர்மொட்டிடம் போனேன்.

"நாளைக்கு நான் வரமாட்டன். உங்களுக்காகத்தான். நான் வராட்டில் ஒண்டும் நடக்காது."

இரண்டு அழுத்தம்.

மறுபடி இரண்டு. மறுபடி இரண்டு...

விரலைப் பிரித்தெடுத்துத்தான் வெளியே வந்தேன். அந்த விரல்களின் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

வியாழன். ஹரோவில் என் தங்கை கல்யாணி வீட்டுக்குப் போய்விட்டேன். மிச்சத்திலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம். போனை நிறுத்திப் பைக்குள் போட்டேன். தங்கை இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தாள். நான் தேங்காய் துருவினேன்.

ஐந்து மணி.

ஐந்தரை.

பைக்குள் பிடில் கேட்டது.

"என்ன பாட்டு அது?" என்றாள் கல்யாணி.

அவளுக்கும் கேட்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன். அவளுக்கும் கேட்டது.

பையைத் திறந்தேன். போன் கருப்பாகக் கிடந்தது. நிறுத்தியது நிறுத்தியபடிதான்.

மெட்டு ஒரு தரம் போனது.

இரண்டாம் தரம்.

மூன்றாம் தரம் பாதியில்... நின்றது.

தேங்காய்ப் பாதி என் கையிலிருந்து விழுந்து தரையில் உருண்டது. சுவர் மணிக்கூட்டில் ஐந்து நாற்பது.

போனைப் போட்டு ஜெஸ்ரினுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கால் மணித்தியாலத்தில் நரசிம்மனே எனக்குப் போன் அடித்தார். குரல் இறங்கிக் கிடந்தது.

"டெர்மொட் தவறிட்டாருங்க. அவங்க அண்ணன் மகன் இப்பதான் கூப்பிட்டார். நீங்க உடனே போன் பண்ணிச் சொன்னீங்களாம். ஷிப்ட் மாத்தியும் கடைசி வரைக்கும் கூட இருந்தீங்களாமே... ரொம்ப நன்றிம்மா."

நான் யாருக்கும் போன் செய்யவில்லை.

அண்ணன் மகனின் இலக்கம்கூட என்னிடம் இல்லை.

அடுத்த நாள் காலை ஜெஸ்ரினைத் தேடிச் சட்டனுக்குப் போனேன். ஆத்திரம் தலைக்கு ஏறியிருந்தது. போனையும் எடுக்காதவள் அங்கே போகவில்லை, அந்த மனிதரைத் தனியாகச் சாக விட்டாள் என்று நினைத்தேன். ஏன் போகவில்லை என்று வாசலிலேயே கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"போனனான் அக்கா. நீங்கள்தானே கதவைத் திறந்தனீங்கள்?"

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீல யூனிபோமோட நிண்டனீங்கள். கையில கரண்டி. உள்ளுக்கு வயலின் பாட்டு. 'நான் நிக்கிறன், நீ போ' எண்டனீங்கள். என்னை அலைய வைச்சுப்போட்டு இப்ப வந்து கத்திறியள்."

நான் ஹரோவில் நின்றேன் என்றேன். கல்யாணியைக் கேள் என்றேன். ஜெஸ்ரின் முகம் வெளுத்தது. கதவை மெல்லச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. அவளிலும் பிழை சொல்லமாட்டேன்.

ஸ்பீக்கர் என் வீட்டில்தான் கிடந்தது. செவ்வாய்க்கிழமை பையில் போட்டது, எடுக்கவே இல்லை. டெர்மொட் வீட்டைத் துப்புரவாக்கப் போனவர்கள் சொன்னார்கள், சூப் கோப்பை வழித்துத் துடைத்து வெறுமையாக இருந்ததாம். என் கையால் அவர் ஒருநாளும் முழுக் கோப்பை குடித்ததில்லை. அவரைத் தூக்கப் போனவர்கள் சொன்னார்கள், அவரது இடது கை ஒரு கையைப் பிடித்திருக்கிற மாதிரி மடங்கியிருந்ததாம்.

நான் கொடுத்த வாக்கை யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள். அதை நினைத்தால் ஒரு பக்கம் அழுகை வருகிறது. மறுபக்கம்...

அவர் கடைசியாகப் பார்த்த முகம் என்னுடையது. அதற்குள் இருந்தது யார்?

இப்போதும் இதே வேலைதான் செய்கிறேன். எல்லா வீட்டுத் திறப்புச் சாவியும் என்னிடம் உண்டு. உள்ளே இருக்கிறவர்கள் நடக்க ஏலாதவர்கள்தான், எழும்பி வந்து கதவு திறக்க அங்கே ஒருத்தரும் இல்லை. ஆனாலும் திறப்பைப் போட முன்னம் பெல் அடிக்கிறேன். அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நின்று காத்திருக்கிறேன்.

உள்ளே இருந்து நான் வந்து கதவைத் திறந்துவிடக்கூடாது.