கிணறு பச்சையான காலை

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததற்கு அடுத்த வருஷம், நல்ல மழைக்காலம். பம்பாய் மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்னால் ஒரு கிணறு உண்டு. குழாயும் இருந்தது. ஆனால் குழாய்க்குள் தோல் வாஷர் இருக்கிறது, அந்த ஜலம் மடிக்கு ஆகாது என்று எங்கள் பாலக்காட்டுக் குடும்பங்கள் குடிக்கவும் சமைக்கவும் கிணற்றைத்தான் நம்பின. குழாய்த் தண்ணீர் துணி துவைக்க மட்டும்.

முந்தின மழையில் என் மன்னிக்கு, அண்ணாவின் மனைவிக்கு, டைபாய்டு வந்து, வயிற்றிலிருந்த குழந்தை போய்விட்டது. அவள் ராசி அப்படி என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது மன்னி மறுபடி உண்டாகியிருந்தாள். குடிப்பது அதே கிணற்று ஜலம்!

நான் அப்போது காலேஜில் நிலவியல் படித்துக்கொண்டிருந்தேன், வகுப்பில் ஒரே பெண். சுண்ணாம்புப் பாறை உள்ள ஊர்களில் ஓடை ஒரு பொந்துக்குள் இறங்கிக் காணாமல் போகுமாம். வேறெங்கோ ஊற்றாக எழும்புமாம். இரண்டும் ஒரே தண்ணீர்தானா என்று பார்க்க ஓடையில் சாயம் கலப்பார்களாம். பாடத்தைக் கேட்டதுமே எங்கள் கட்டடத்தை ஒட்டிய தபேலா, அதாவது எருமைத் தொழுவம், ஞாபகம் வந்தது. அங்கே சாணி கரைந்த குட்டையின் ஓரத்தில், தண்ணீர் சுழித்துக்கொண்டு பாறை இடுக்கில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். புரொபசரிடம் சொன்னேன். பம்பாய் கருங்கல் பூமி, இங்கே அதெல்லாம் நடக்காது என்று சிரித்தார். ஏன், கருங்கல்லில் விரிசலே கிடையாதா என்ன?

லேபில் கேட்டு வாங்கிய பச்சைச் சாயத்தை, கெடுதல் செய்யாத வகைதான், பட்டப்பகலில் அந்த இடுக்கில் கொட்டினேன். தபேலாவின் பால்காரர் "பாகல் ஹோ க்யா?" என்று கத்தினார். பைத்தியமா என்கிறார். "ஹாங்", ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை கிணற்று வாளியில் வந்த தண்ணீர் பச்சைப் பசேல். கட்டடமே கூடிவிட்டது. மாமிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

"நான்தான் பண்ணினேன். தபேலா குட்டையிலே சாயம் விட்டேன், இங்கே வந்து நிக்கறது. இத்தனை நாளா நாம மடியா குடிச்சது எருமை குளிச்ச ஜலம்" என்றேன்.

அப்பா பொரிந்தார். "வாயை மூடுடி! இன்னியோட காலேஜ் நின்னாச்சு!"

"நிறுத்திக்கோங்கோ. சாயத்துல விஷம் இல்லே. கிணத்து ஜலம் சுத்தம்னா ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்கோ."

வாளியை அவர் பக்கம் நகர்த்தினேன். அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தொடவில்லை.

அப்போதுதான் மன்னி வெளியே வந்தாள். மாமனார் எதிரில் வாயே திறக்காதவள். சொம்பிலிருந்த கிணற்று ஜலத்தைத் தரையில் கொட்டினாள். நேரே குழாயடிக்குப் போய்ப் பிடித்து, அத்தனை பேர் கண்ணெதிரிலும் மடக் மடக்கென்று குடித்தாள்.

"எனக்கு இந்தக் கொழந்தை வேணும்" என்றாள். அவ்வளவுதான்.

காலேஜை நிறுத்துகிற பேச்சை அப்பா அப்புறம் எடுக்கவே இல்லை. மார்கழியில் மன்னிக்குப் பெண் பிறந்தது.

அதிகப்பிரசங்கி என்ற பெயர் மட்டும் எனக்கு நிலைத்துவிட்டது. இருக்கட்டுமே! இன்றைக்கும் யாராவது 'காலங்காலமா இப்படித்தான்' என்று எதையாவது நீட்டினால், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் நான் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை.