காரணமில்லாமல் இறங்கிய ஸ்டேஷன்

கல்யாணமாகி நான் பம்பாயில் மாட்டுங்காவுக்கு வந்த சில மாதங்களில் எல்லையில் சண்டை வந்தது. எங்கள் கட்டடத்தில் ராத்திரி வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க எல்லா ஜன்னல் கண்ணாடிகளிலும் காக்கிக் காகிதம் ஒட்டினோம். மாடிப்படியில் புது ஆள் ஏறினால் ஒற்றனோ என்று ஒவ்வொரு கதவும் கொஞ்சம் திறந்து மூடும். பால்காரர் மாற்றாள் அனுப்பினால்கூட மாமிகள் அவனிடம் ஊர் விசாரித்தார்கள். சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் யாரையும் விட்டுப் போகவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மலைமேல் இருக்கும் லோனாவ்லாவுக்குக் கிளம்பினோம்.

என் கணவர் ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. ஓர் இடத்துக்குப் போவதென்றால், அங்கே எந்தக் குழாயில் தண்ணீர் நன்றாக இருக்கும் என்பதுவரை கேட்டு வைத்துக்கொள்வார். என் அப்பாவோ பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நிற்கிற பஸ்ஸைப் பார்த்த பிறகுதான் எங்கே போவதென்று முடிவு செய்வார். அந்த வீட்டிலிருந்து வந்த எனக்கு இவருடைய ஏற்பாடுகள் மூச்சு முட்டின.

கர்ஜத்தில் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு என்ஜின் மாட்டி மலையேறினோம். மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. பாறையெல்லாம் பச்சை. பெயர்ப்பலகையும் ஓர் அறையும் தவிர எதுவுமில்லாத ஒரு சின்ன ஸ்டேஷனில் வண்டி நின்றது. பக்கத்திலேயே அருவி மாதிரி தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன்னா, இங்கேயே இறங்கிடலாமா?" என்றேன்.

"இங்கயா? இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. சும்மா."

அவர் என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்கே நம்ப முடியவில்லை. எங்களைத் தவிர அங்கே யாரும் இறங்கவில்லை.

தண்ணீரில் கால் நனைத்தேன். ஆபீஸ் நண்பரிடம் அவர் இரவல் வாங்கி வந்த காமிரா இருந்தது. ரயில் நுழைந்து மறைந்த சுரங்க வாசல் பின்னால் தெரியும்படி என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அவர் காமிராவைக் கண்ணில் வைத்திருக்கும்போதே ஒரு போலீஸ்காரர் ஓடி வந்தார்.

ஸ்டேஷன் மாஸ்டரின் அறை வாசலில் என்னைத்தான் முதலில் கேட்டார்கள். லோனாவ்லா டிக்கெட், இங்கே எதற்கு இறங்கினீர்கள்? சும்மா என்பதற்கு இந்தியில் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. "பானி, பானி" என்று அருவியைக் காட்டினேன். குடிக்கத் தண்ணீர் கையிலேயே கொண்டுவந்திருப்பீர்களே என்றார் போலீஸ்காரர்.

என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவரை உள்ளே அழைத்துப்போனார்கள். ஜன்னல் வழியாக அவர் குரல் தெளிவாகக் கேட்டது; இந்தி பேச வராதே தவிர, கேட்டால் எனக்குப் புரியும். அவருடைய சித்தப்பா ரிடையராகப் போகிறாராம். இந்தப் பக்கம் நிலம் வாங்க எண்ணமாம். புரோக்கர் ஒருவன் ஸ்டேஷனுக்கு வருவதாகச் சொல்லி ஏமாற்றிவிட்டானாம். எத்தனை ஏக்கர் என்று கேட்டார்கள். தடுமாறாமல் பதில் சொன்னார்.

அவருக்குச் சித்தப்பா இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. போலீஸ் பயம் போய் வேறொரு பயம் வந்தது. யாரிடம் கழுத்தை நீட்டியிருக்கிறேன்?

"உன் பெண்டாட்டி தண்ணிக்காக இறங்கினதாச் சொல்றாளே" என்று போலீஸ்காரர் கேட்டது காதில் விழுந்தது. இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னதும் அவர்கள் முகம் இறுகிவிட்டது. நாங்கள் பேசிக்கொள்வது எந்த பாஷை என்பதே அவர்களுக்குச் சந்தேகமாக இருந்தது.

அப்போது மலையிறங்கி வந்த சரக்கு வண்டியொன்று பிரேக் சோதனைக்கு நின்றது. அதன் கார்டு தமிழர் என்று ஸ்டேஷன் மாஸ்டர் அவரைக் கூப்பிட்டார். வயதானவர். என் காலில் மெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.

"எந்த ஊரும்மா?"

"பாலக்காடு. இப்போ மாட்டுங்கா."

"மாட்டுங்கால காப்பிப்பொடி எங்க வாங்குறீங்க?"

சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "பெத்தவங்களுக்குத் தெரிஞ்சு நடந்த கல்யாணம்தானா? ஓடி வந்திருந்தா இப்பவே சொல்லிடு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். "நம்ம ஊர்ப் பிள்ளைங்கதான். புத்தியில்ல, வேற ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய் இந்தியில் சொன்னார். போலீஸ்காரர் காமிராவைத் திறந்து ஃபிலிம் சுருளை வெயிலில் நீளமாக உருவிப் போட்டார். கீழே போகிற பாசஞ்சர் வண்டியில் அவர்களே எங்களை ஏற்றிவிட்டார்கள்.

வண்டி கிளம்பியதும் காலிக் காமிராவை அவர் பைக்குள் வைத்தார்.

"எந்தச் சித்தப்பா?" என்றேன்.

"சித்தப்பா யாரும் கிடையாது."

"புரோக்கர்?"

"அவனும் கிடையாது."

"ஏக்கர் கணக்குகூடச் சொன்னேளே?"

"கேட்டா சொல்ல வேண்டாமா?" என்றவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். "சரி, நீ சொல்லு. வழியில எத்தனையோ ஸ்டேஷன் இருந்தது. அங்கதான் இறங்கணும்னு உனக்கு ஏன் தோணித்து?"

சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

கல்யாண் தாண்டிய பிறகு அவராகவே பேசினார். பம்பாய்க்கு வந்த புதிதில் ஒருநாள் ரயில் பாலத்தின் மேல் நின்று வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஒரு போலீஸ்காரன் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டானாம். சும்மா என்றாராம். மறுநாள் காலைதான் லாக்கப்பிலிருந்து விட்டார்களாம்.

"அதுலேர்ந்து எங்க போனாலும் கையில ஒரு காரணம் வச்சுப்பேன். காரணம் இல்லாம நிக்கறவனை இந்த ஊர் நம்பாது."

எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தேன். அதே நேரத்தில், இதுவும் அந்தச் சித்தப்பா மாதிரி கேட்டவுடன் பிறந்த கதையோ என்றும் தோன்றியது. இரண்டையும் மனசில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தேன். இன்றுவரை எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

பகல் சாயுமுன்பே மாட்டுங்கா வந்துவிட்டோம். மாடிப்படி ஏறியதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"சாயங்காலம்தான் வருவேள்னு நினைச்சேன். ஏன் அதுக்குள்ள வந்துட்டேள்?" என்றாள் மாமி.

"அங்க ஒரே மழை மாமி" என்றார் இவர், யோசிக்காமல்.

மாமி என் புடவையை மேலும் கீழும் பார்த்தாள். அதில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தாத்தானே நனையறதுக்கு?" என்றேன். "பிளாட்பாரத்துலயே நின்னுட்டு அடுத்த வண்டியில திரும்பிட்டோம்."

மாமி தலையாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பூட்டில் சாவியை நுழைத்த இவர் அதைத் திருப்பாமல் நின்று என்னையே பார்த்தார். கொஞ்சம் மெச்சுவது போலவும் இருந்தது, கொஞ்சம் பயப்படுவது போலவும் இருந்தது.