சங்கிலி ஜெபத்தில் என் அரைமணி நேரம்

முப்பத்துநான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, பாளையங்கோட்டையில் எங்கள் கோயிலில் மன்றாட்டு ஜெபம் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. ஞாயிறு ஆராதனையில் சபையார் எல்லோருக்குமாக ஒருவர் எழுந்து, உலகத்துக்காகவும் துன்பப்படுகிறவர்களுக்காகவும் வேண்டிக்கொள்கிற பகுதி அது. மற்றவர்கள் மூன்று நிமிடத்தில் முடிப்பார்கள். எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். ஆப்பிரிக்காவில் தொடங்கிக் கிழக்கே நகர்வேன். எந்த நாட்டில் போர், எங்கே பஞ்சம், எங்கே பூகம்பம் என்று சனிக்கிழமையே எழுதிவைத்துக்கொள்வேன். தலைநகரங்களையும் சொல்வேன். கர்த்தருக்கு அவை தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டதால் வேறொருவரைச் செய்யச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். போன வாரம் நான் செய்த ஜெபத்தைப் பற்றி இரண்டு பேர் மரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் வெளிய வரும்போது அண்ணாச்சி சூடான்ல நின்னாருவே. டீ குடிச்சிட்டுத் திரும்பி வாரேன், அப்பவும் கடல் தாண்டல."

"ஆசியாவுல நிறைய சண்டைலா நடக்கு. அதுக்குத் தம் பிடிச்சிருப்பாரு."

நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ஒரே தங்கை. ஏரலில் இருந்தாள். அவள் கணவர் அங்கே சைக்கிள் கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார், ஆஸ்துமாக்காரர். பெருவெள்ளம் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பு இருவரும் எங்கள் திருச்சபையை விட்டு வேறொரு சபைக்குப் போனார்கள். ஆற்றில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார்கள். அதைச் சொல்ல அவளே என் வீட்டுக்கு வந்தாள்.

"சின்னப் பிள்ளையில தலையில தண்ணி தெளிச்சது ஞானஸ்நானமே இல்லண்ணே. வேதத்துல அப்படிக் கிடையாது."

"அப்ப அப்பாவும் அம்மாவும் எங்க போயிருக்காங்க? நரகத்துக்கா?"

"அப்படி நான் சொல்லல."

"வேற எப்படிச் சொல்லுத?"

அவள் காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனாள். என் ஜெப நோட்டில் குடும்பத்தாருக்கு ஒரு பக்கம் உண்டு. அன்று சாயங்காலம் அதிலிருந்து அவர்கள் இருவர் பெயரையும் அடித்தேன். அடியோடு விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, "வழிதவறியோர்" என்ற பொதுத் தலைப்பில் அவர்களும் அடங்குவார்கள் என்று வைத்துக்கொண்டேன். அதன் பிறகு கல்யாண வீடுகளிலும் துஷ்டி வீடுகளிலும் பார்த்தால் தலையசைப்போம். நான் ஏரலுக்குப் போனதில்லை. பேருந்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது.

வெள்ளம் வந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிறு முழுக்க மழை பெய்தது. மறுநாள் விடிந்தபோது தாமிரபரணி கரைக்குள் நிற்கவில்லை. கீழே ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தண்ணீரில் என்றார்கள். காலையிலேயே எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் சங்கிலி ஜெபம் அறிவித்தார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களுக்காக ஒவ்வொரு வீடும் அரைமணி நேரம் ஜெபிக்க வேண்டும். ஒருவர் முடித்ததும் குழுவில் "முடிந்தது" என்று போடுவார். அடுத்தவர் அந்த நொடியே தொடங்குவார். நடுவில் அறுந்துவிடக் கூடாது. அறுந்தால் என்ன ஆகும் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, ஆனாலும் அறுந்ததில்லை.

என் நேரம் பத்தரை முதல் பதினொன்று. முழங்கால் மடங்காது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, சத்தமாகவே தொடங்கினேன். "ஏரலிலே தண்ணீரால் சூழப்பட்டிருக்கிற ஜனங்களை நினைத்தருளும்" என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லிக் கொஞ்ச நேரத்தில் மடியில் கிடந்த போன் அடித்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். தங்கையின் பெயர். வருடக்கணக்கில் என் போனில் அந்தப் பெயர் வந்ததே இல்லை.

எடுக்கவில்லை. சிவப்புப் பொத்தானைத் தொட்டுக் கட் பண்ணினேன். ஜெபம் அறுந்துவிடக் கூடாது என்பது ஒரு காரணம். பன்னிரண்டு வருடம் பேசாதவள் இன்னும் இருபது நிமிடம் காத்திருக்கட்டும் என்பது இன்னொரு காரணம். இந்த இரண்டாவதை இதுவரை யாருக்கும் சொல்லாமல் இருந்தேன்.

பதினொன்றுக்கு "முடிந்தது" என்று போட்டேன். மூன்று பேர் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். மனைவி டீ கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் சொன்னது. அன்றும் மறுநாளும் அந்தக் குரலே சொன்னது. அதற்குள் சங்கிலி இரண்டாம் சுற்றுக்கு வந்துவிட்டது. அதிலும் எனக்கு அரைமணி நேரம் கொடுத்தார்கள். அதையும் செய்தேன்.

தங்கையும் அவள் கணவரும் மொட்டைமாடியில் இருந்திருக்கிறார்கள். கீழே வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். மின்சாரம் இல்லாததால் அவருக்கு மூச்சுக்கு மருந்துப்புகை பிடிக்கும் மெஷின் ஓடவில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறந்துபோனார். தண்ணீர் வடிந்து வியாழக்கிழமை அடக்கம் செய்தார்கள். அவர்கள் சபை ஊழியக்காரர் நடத்தினார். நான் பின்னால் நின்றேன். என்னை யாரும் ஜெபிக்கச் சொல்லவில்லை.

கலெக்டர் ஆபீஸில் என்னிடம் படித்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் எண் என் போனிலேயே இருந்தது. விஷயம் கேள்விப்பட்டுத் துக்கம் விசாரிக்க வந்தவன், "ஒரு போன் பண்ணியிருக்கலாமே சார்" என்றான். "முதல் படகு திங்கக்கிழமை மத்தியானம் போச்சு. நோயாளி இருக்கிற வீடு எதுன்னு தெரியாமத் தெருத்தெருவா அலைஞ்சிச்சு. தெரிஞ்சிருந்தா நேரே அங்கதான் போயிருக்கும்." அவன் குறையாகச் சொல்லவில்லை. வாங்கிவந்த பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.

"ஜெபத்தில் இருந்தேன், போன் சைலண்ட்டில் கிடந்தது" என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். சபையில் யாரும் அதில் குற்றம் காணவில்லை. ஒரு மூதாட்டி, "ஆண்டவர் சித்தம், நீங்க உங்க ஜெபக் காவல்லதான இருந்தீங்க" என்றுகூடச் சொன்னார்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினேன். பிறகு முடியவில்லை. போன மாசிமாதம் ஒருநாள் காலை பேருந்தில் ஏரலுக்குப் போனேன். தங்கை முற்றத்தில் உளுந்து காயவைத்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அன்னைக்குப் போன் சைலண்ட்ல இல்ல. உன் பேரப் பாத்தேன். நான்தான் கட் பண்ணுனேன்."

அவள் உளுந்திலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"சைலண்ட்ல கிடந்தா கடைசி வரைக்கும் அடிக்கும்லா. இது ரெண்டு தடவ அடிச்சு டக்குன்னு நின்னுட்டு. இது தெரியாதா எனக்கு? அதோட என் போனும் செத்துட்டு."

 அவளே கேட்டாள். "என்ன செஞ்சிக்கிட்டு இருந்த?"

"ஜெபம்."

"யாருக்கு?"

"ஏரல் ஜனங்களுக்கு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாங்க எந்த ஊருண்ணே?" என்றாள்.

சிரிப்பு அடங்க நேரமானது. பிறகு, வேறு யார் வீட்டுக் கதையையோ சொல்வதுபோல் சொன்னாள்:

"அவுகட்ட நீ கட் பண்ணுனதச் சொல்லல. 'அண்ணன் எடுக்கல, அங்கனயும் தண்ணி போல'ன்னேன். உடனே அந்த மனுசன் மாடிச் சுவத்துல சாஞ்சிக்கிட்டு உனக்கு ஜெபம் பண்ண ஆரம்பிச்சுட்டாக. அண்ணாச்சி வீட்டக் காப்பாத்தும், மதினிக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு. பாதியில மூச்சு வாங்கிட்டு. ஆமென் நான்தான் சொன்னேன்."

எங்கள் தெருவில் அன்று கணுக்கால் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. அதை அவளிடம் சொன்னேன்.